பென் டிரைவோடு வராதீர்கள்

போன வாரம் இன்னொரு பென் டிரைவ் வந்தது. கொண்டுவந்தவர் இங்கே பெங்களூரில் வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் குழுவில் இருக்கும் தமிழ் நர்ஸ். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களில் ஒருவர் விட்டு ஒருவருக்கு ஏர் பெட், மற்றவர்களுக்குச் சாதா மெத்தை. யாருக்கு எத்தனையாவது நாள் படுக்கைப் புண் வந்தது என்று இரண்டு வருடக் குறிப்பு. ஒரு கட்டம்கூடக் காலி இல்லை.

"மேடம், பி வேல்யூ மட்டும் போட்டுக் கொடுங்க, பேப்பர் அனுப்பிடுறேன்."

பி வேல்யூ என்றால், கண்ட வித்தியாசம் தற்செயலாக வந்ததா என்று எடைபோட உதவும் எண்.

"எத்திக்ஸ் கமிட்டி அனுமதி எங்கேம்மா?"

"இனிமேதான் வாங்கணும்."

புள்ளியியல் பார்க்கிற எனக்கு இந்த வருடம் இது நான்காவது. எத்திக்ஸ் கமிட்டி, அதாவது ஆய்வு நெறிமுறைக் குழு, தரும் அனுமதிக்குப் பின்தேதி கிடையாது. யாருக்கு எந்த மெத்தை என்று அவரே பிரித்ததால் இது சோதனை ஆய்வு. முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே சிடிஆர்ஐ என்ற இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிந்திருக்க வேண்டும். 2018 ஏப்ரல் 1 முதல் அங்கே தொடங்கிவிட்ட ஆய்வை எடுத்துக்கொள்வதில்லை.

எனக்குக் கோபம் அவர் மேல் இல்லை. "ஃபண்டெல்லாம் டாக்டருக்கு, லேப் இருக்கிறவங்களுக்கு" என்று சொல்லி, முறையாக விண்ணப்பிக்க விடாமல் அவரை உட்கார வைத்த மேலதிகாரி மேல்தான். ஆராய்ச்சிப் பணம் என்றால் மெஷின் வாங்கும் பணம் என்று யார் சொன்னது? திட்டச் செலவில் களப்பணியாளர் சம்பளம் உண்டு, பயணம் உண்டு. மத்திய அரசு 2007-இல் சுகாதார ஆராய்ச்சித் துறை என்று தனியாக ஒன்றை உருவாக்கியது. அதன் மனிதவளத் திட்டமே ஆட்களைப் பழக்கத்தான்: பயிற்சி, ஃபெலோஷிப், வேலையில் இடைவெளி விட்ட பெண்களுக்குத் தனி இடம். பராமரிப்பவரின் பாடு, குடும்பச் செலவு மாதிரி சமூகக் கேள்விகளுக்கு 1969 முதல் ஐசிஎஸ்எஸ்ஆர் என்ற இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் இருக்கிறது. மெஷினைக் கடையில் வாங்கிவிடலாம். கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரிந்த நர்ஸை எந்தக் கடையில் வாங்குவது?

சரி, அரசு மேலேயும் குறை உண்டு. 1979 முதல் நடக்கும் ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டம் எம்பிபிஎஸ், பிடிஎஸ் மாணவர்களுக்குத்தான். நர்சிங் மாணவிக்கு அதில் இடமில்லை. புண்ணை முதலில் பார்ப்பது யார் என்று கேட்டால் பதில் வராது.

அப்புறம், ஆராய்ச்சிப் பணத்துக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு. அறிவிப்பில் தகுதிப் பகுதியை நீங்களே படியுங்கள், சீனியர் சொன்னார் என்று விட்டுவிடாதீர்கள். கடைசித் தேதிக்கு முந்தின நாள் வந்து "சாம்பிள் சைஸ் நூறுன்னு போட்டுடலாமா" என்று கேட்காதீர்கள். ஆய்வில் எத்தனை பேரைச் சேர்ப்பது என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும். நூறு என்பது உங்கள் ஆசை, கணக்கு இல்லை. அக்கவுன்ட்ஸ் பிரிவோடு முதல் நாளே பேசிவிடுங்கள். யூசி, அதாவது வாங்கிய பணத்தைச் செலவழித்ததற்கான சான்றிதழ் (ஜிஎஃப்ஆர் 12-ஏ படிவம்), போகாமல் அடுத்த தவணை நகராது.

இன்னொன்று, இதைக் கெஞ்சியே கேட்கிறேன். பட்ஜெட்டில் மொழிபெயர்ப்புக்கென்று ஒரு செலவும் எழுதுங்கள். இங்கே அல்சூரில் ஒரு தமிழ்ப் பாட்டி கன்னடத்தில் அச்சடித்த ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வைத்துவிட்டு, "ரேஷன் கார்டு எப்போ வரும்?" என்று என்னிடம் கேட்டார்.