பனி தள்ளிய பாறைகள்

மலையே இல்லாத டென்மார்க்கின் கடலோரத்தில் பாறை அடுக்குகள் பாயைச் சுருட்டியதுபோல் மடிந்து நிற்கின்றனவே, அது பூகம்பத்தின் வேலையா என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் பார்த்த படம், 2025இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற மோன்ஸ் கிளிண்ட் செங்குத்துப் பாறைகளுடையது. 128 மீட்டர் வரை உயரும் அந்த வெள்ளைச் சுவர், ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் நுண்ணுயிர்களின் ஓடுகள் படிந்து உண்டான சீமைச்சுண்ணாம்பு. அதனூடே ஓடும் கரிய சக்கிமுக்கிக்கல் வரிகள் ஒருகாலத்தில் கிடையாக இருந்தவை. இன்று அவை வளைந்தும் செங்குத்தாகவும் நிற்பதைக் கொண்டே மடிப்பைக் கண்ணால் பின்தொடரலாம்.

பாறை மடிந்திருந்தாலே நிலத்தின் ஆழத்தில் காரணம் தேடுவது நம் பாடப்புத்தகங்கள் ஏற்படுத்திய பழக்கம். இங்கே தள்ளியது மேலிருந்த பனி என்று டேனிஷ் நிலவியலாளர் யோன்ஸ்ட்ரூப் 1874இல் எழுதினார். சுண்ணாம்புப் பலகைகளுக்கு இடையே, அவற்றைவிட மிக இளையவையான பனியுகக் களிமண்ணும் மணலும் சிக்கியிருப்பது இதற்கு வலுவான சான்று.

அந்தக் களிமண்ணும் மணலும் பனியாறு கொண்டுவந்தவை. பனிக்கட்டி நேரடியாக விட்டுச்செல்லும் படிவில் பாறாங்கல்லும் களிமண்ணும் கலந்தே கிடக்கும். பனி உருகிய நீரோ அவற்றைச் சலித்துப் பிரிக்கும். அசைவற்ற குளிர்நீரில் 0.1 மில்லிமீட்டர் மணல்துகள் ஒரு மீட்டர் இறங்க மூன்று நிமிடம் போதும். 2 மைக்ரான் (0.002 மில்லிமீட்டர்) களிமண் துகளுக்கு ஐந்து நாள் வேண்டும். மணலும் களிமண்ணும் தனித்தனி அடுக்குகளாவது இந்த வேறுபாட்டால்தான்.

ஆனால் பனியைவிடக் கடினமான பாறையைப் பனி எப்படிப் பெயர்த்தது? வெந்நீரில் அலசிய எவர்சில்வர் டம்ளரை ஈரமான சமையல் மேடையில் கவிழ்த்துப் பாருங்கள். யாரும் தொடாமலே அது சற்று வழுக்கும். உள்ளே அகப்பட்ட காற்று சூடாகி விரிந்து டம்ளரின் எடையில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்வதால், விளிம்புக்கும் மேடைக்குமான உராய்வு குறைந்துவிடுகிறது. அமெரிக்க நிலவியலாளர்கள் ஹப்பர்ட்டும் ரூபியும் 1959இல் பாறைத்தகடுகள் நகர்வதை விளக்க, காலி பீர் டப்பாவை வைத்து இதே தத்துவத்தைக் காட்டினார்கள் (நம் டம்ளர் இன்னும் மலிவு).

பனியாற்றின் அடியில் அந்தக் காற்றின் வேலையை நீர் செய்கிறது. களிமண்ணிலும் சீமைச்சுண்ணாம்பிலும் நுண்துளைகள் வழியே நீர் மிக மெதுவாகவே வெளியேறும் என்பதால், மேலே பனி கனக்கக் கனக்க அகப்பட்ட நீரின் அழுத்தம் ஏறி, துகள்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றும் பிடி தளர்கிறது. பின்னால் தடித்தும் முன்னால் மெலிந்தும் இருக்கும் பனி, அடியிலுள்ள பலகைகளை எடை குறைந்த முன்பக்கம் நோக்கிப் பிதுக்க, அவை தளர்ந்த தளத்தின்மேல் வழுக்கிப்போய், ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. பாறையை நொறுக்கும் பலம் இதற்குத் தேவையில்லை என்பதே எனக்குத் தீராத வியப்பு.

மோன்ஸ் கிளிண்டில் நீரின் வேலை இன்னும் முடியவில்லை. 2007 ஜனவரியில் சுவரின் ஒரு பகுதி சரிந்து, சுண்ணாம்பும் களிமண்ணும் மரங்களுமாகக் கடலுக்குள் ஒரு தீபகற்பம்போல் நீண்டு கிடந்தது. அதன்பின் அலைகள் அதைக் கரைக்கத் தொடங்கின.