ஹோலோடைப்: பெயரைச் சுமக்கும் ஒற்றை வண்டு

புதிய வண்டு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள் என்று செய்தி வரும்போது, "ஹோலோடைப் வகையைச் சேர்ந்த இந்த வண்டு" என்று யாராவது எழுதிவிடுகிறார்கள். நானும் ஒரு முறை அப்படி மொழிபெயர்த்து, படித்த நண்பர் ஒருவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஹோலோடைப் என்று ஒரு வகை வண்டு கிடையாது. அது ஒரே ஒரு வண்டு, அதுவும் செத்த வண்டு. ஏதோ ஒரு அருங்காட்சியகத்தின் இழுப்பறையில், அடியில் சிவப்புச் சீட்டோடு ஊசியில் நிற்கிறதே, அந்தக் குறிப்பிட்ட உடல்தான் ஹோலோடைப். ஓர் இனத்துக்குப் பெயர் வைக்கிறவர் "இந்தப் பெயர் இந்த உடலுக்கு உரியது" என்று விரல் நீட்டிச் சொல்கிற மாதிரி அது.

ஓர் உதாரணம் பார்ப்போம். இந்தோனேசியாவின் சுலவேசித் தீவில் டிரைகோனோப்டெரஸ் என்ற பேரினத்துக் கூன்வண்டுகள் இருக்கின்றன. நம் அரிசி மூட்டையில் ஊர்கிற கூன்வண்டுக்கு உறவுதான், ஆனால் இவை காட்டில் வாழ்பவை, பறக்கத் தெரியாதவை. பெரும்பாலும் இரண்டு, மூன்று மில்லிமீட்டர்தான், எள்ளளவு என்றால் உண்மையிலேயே எள்ளளவு. 2019ஆம் ஆண்டுவரை அந்தத் தீவிலிருந்து இந்தப் பேரினத்தில் பெயர் பெற்றிருந்தது ஒரே ஓர் இனம், அதுவும் 1885இல். 2019இல் பூச்சியியலாளர்கள் அலெக்சாண்டர் ரீடலும் ரடேன் பிரமேச நரகுசுமோவும் ஒரே கட்டுரையில் 103 புதிய இனங்களை விவரித்தார்கள். அத்தனை பெயருக்கு எங்கே போவது? பச்சை நிறக் குட்டி வண்டுக்கு ஸ்டார் வார்ஸ் படத்துப் பச்சைக் குள்ளர் யோடாவின் பெயர், அப்புறம் காமிக்ஸ் நாயகர்கள் ஆஸ்டெரிக்ஸ், ஓபெலிக்ஸ், விஞ்ஞானி டார்வின் என்று போயிருக்கிறார்கள். பெயர் விளையாட்டாக இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு ஹோலோடைப் இருக்கிறது. விலங்குப் பெயரிடல் விதிகளின்படி, 1999க்குப் பிறகு வெளியாகும் புதிய இனத்துக்குப் பெயர்தாங்கும் மாதிரியைக் குறிப்பிடாவிட்டால் அந்தப் பெயரே செல்லாது.

இவ்வளவு சின்ன வண்டை எப்படி வைத்திருப்பார்கள்? பெரிய வண்டு என்றால் வலது மேல்சிறகில் ஊசியைக் குத்துவார்கள். எள்ளளவு வண்டில் குத்தினால் வண்டே இருக்காது. அதனால் சின்ன அட்டைத் துண்டில் அதை ஒட்டி, ஊசியை அட்டையில் குத்துவார்கள். அதே ஊசியில் கீழே கீழே சீட்டுகள்: எந்த மலை, எத்தனை மீட்டர் உயரம், எந்த நாள், பிடித்தவர் யார். ஆண் வண்டாக இருந்தால் அதன் இனப்பெருக்க உறுப்பைத் தனியே பிரித்தெடுத்து, உடலோடு சேர்த்தே பத்திரப்படுத்துவதும் உண்டு. வெளியே பார்த்தால் அச்சு அசலாக இருக்கும் இரண்டு வண்டுகள் வேறு வேறு இனம் என்று பல நேரம் காட்டிக்கொடுப்பது அந்த உறுப்பும் மரபணு வரிசையும்தான். எல்லாவற்றுக்கும் அடியில், வழக்கமாகச் சிவப்பில், ஹோலோடைப் என்ற சீட்டு.

சரி, ஹோலோடைப்பைத் தமிழில் என்னவென்று சொல்வது? முதலில் அந்தச் சொல்லுக்கு வருவோம். இரண்டு கிரேக்கத் துண்டுகள். ஹோலோஸ் என்றால் முழுமை, ஹோலோகிராமில் இருப்பதும் அதுவே. டைபோஸ் என்றால் அடித்ததால் விழுந்த தடம், முத்திரையின் பதிவு, வார்ப்பு. அதன் வேரில் இருக்கும் வினைக்குத் தட்டுதல், அடித்தல் என்று பொருள். தட்டுவது, அதனால் அச்சு விழுவது. தட்டச்சு என்று தமிழில் சொல் செய்தவர்கள் கிரேக்க வேரைத் தேடிப் பார்த்துச் செய்தார்களோ இல்லையோ, அது அப்படியே உள்ளே இருக்கிறது!

ஆக டைப் என்பதற்குத் தமிழில் இரண்டு முகம். இரத்த வகை என்கிறபோது வகை, தட்டச்சு என்கிறபோது அச்சு. ஹோலோடைப்பில் இருப்பது இரண்டாவது. முதல் முகத்தைப் பிடித்துக்கொண்டு முழுவகை, வகைமாதிரி என்று மொழிபெயர்த்தால்தான் குழப்பம் தொடங்குகிறது. வகைமாதிரி என்றதும் அந்த இனத்தின் சராசரி முகம், எடுத்துக்காட்டான உருவம் என்று தோன்றும். ஹோலோடைப் அப்படி இருக்க வேண்டியதே இல்லை. ஒரு கால் ஒடிந்ததாக இருக்கலாம், நிறம் மங்கியதாக இருக்கலாம், தன் இனத்தில் அளவு தப்பிப் பிறந்த குள்ளனாகக்கூட இருக்கலாம். அதன் வேலை அழகு காட்டுவது அல்ல, பெயரைச் சுமப்பது.

பெயரைச் சுமப்பது என்றால்? நாளைக்கு ஒருவர், யோடா என்று நாம் சொல்லிக்கொண்டிருக்கிற வண்டுகளில் உண்மையில் இரண்டு இனங்கள் கலந்திருக்கின்றன என்று காட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். யோடா என்ற பெயர் எதற்குப் போகும்? எது அதிகம் என்று வாக்கெடுப்பு நடத்த மாட்டார்கள். ஹோலோடைப்பை எடுத்துப் பார்ப்பார்கள். அது எந்தப் பக்கமோ பெயரும் அந்தப் பக்கம், மற்றதற்குப் புதுப் பெயர்.

இதைப் படிக்கும்போது எனக்குத் திருவெண்ணெய்நல்லூர் வழக்குதான் நினைவுக்கு வருகிறது. நீ என் அடிமை என்று ஓலையோடு வந்து நிற்கிறார் ஒரு கிழவர், கிழவர் வேடத்தில் வந்த சிவன்தான். சுந்தரர் அவர் கையில் இருந்த ஓலையைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறார். கிழவர் அசரவில்லை, கிழிந்தது படியோலை, மூலவோலை என்னிடம் இருக்கிறது என்கிறார். சபையில் வழக்கை முடித்தது அந்த மூலவோலை. ஹோலோடைப்புக்கு வேண்டிய சொல் அங்கேயே கிடக்கிறது: மூலமாதிரி.

முதல்மாதிரி என்று சொன்னால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. முதல் என்பது நல்ல தமிழ்ச் சொல்தான், ஆனால் முதலில் பிடிபட்டது என்று பொருள் படும். முதலில் பிடித்ததையே ஹோலோடைப் ஆக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. முன்மாதிரி ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது, அதைக் கலைக்க வேண்டாம். மூலம் என்றாலே வைத்தியர் விளம்பரம் ஞாபகத்துக்கு வருகிறதே என்றால், அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. மூல நூல், மூலப் பத்திரம் என்று சொல்லும்போது யாரும் சிரிப்பதில்லையே.

கோயில் வழக்கும் இதற்குத் துணை நிற்கிறது. மூலவர் கருவறையை விட்டு அசைவதில்லை, வீதிக்கு வருவது உற்சவர். ஹோலோடைப்போடு சேர்த்து அதே கட்டுரையில் பட்டியலிடப்படும் மற்ற வண்டுகளுக்குப் பாராடைப் என்று பெயர், பாரா என்றால் அருகில். இவற்றைப் பல அருங்காட்சியகங்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். உடன்மாதிரி என்று சொல்லலாம். பெயரைச் சுமக்கும் உரிமை இவற்றுக்கு இல்லை. மூலவரை வெளியே அனுப்பத் தயங்குவதற்குக் காரணமும் உண்டு. வண்டு இல்லை, செடிக் கதைதான்: 2017இல் பாரிஸிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு இரவலாக அனுப்பிய பழைய செடி மாதிரிகளை, கூட வந்த ஆவணங்கள் சரியில்லை என்று அங்கே எல்லையில் எரித்துவிட்டார்கள். அவற்றில் இப்படிப் பெயர் சுமந்தவையும் இருந்தன.

பழைய வண்டுகளுக்குத்தான் சிக்கல். உயிரினங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸின் மாணவர் ஃபப்ரிசியஸ் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆயிரக்கணக்கான பூச்சிகளுக்குப் பெயர் வைத்தார். அவற்றில் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியில் பிடித்து அனுப்பியவையும் உண்டு. அப்போது ஹோலோடைப் என்ற சொல்லே இல்லை. நாலைந்து வண்டுகளை முன்னால் வைத்துக்கொண்டு ஒரு விவரணை எழுதினார்கள், அத்தோடு சரி. அப்படி எல்லாமே சமமாகப் பெயர் சுமந்தால் அவை சின்டைப், கூட்டுமாதிரி. பின்னால் வந்தவர் அவற்றில் ஒன்றைப் பொறுக்கி இனி இதுவே என்று நிறுத்தினால் அது லெக்டோடைப், தேர்மாதிரி. எல்லாமே அழிந்துபோய், அந்தப் பெயர் எதற்குரியது என்பதிலும் குழப்பம் இருந்தால் வேறொன்றைப் புதிதாக நிறுத்துவார்கள், அது நியோடைப், புதுமாதிரி என்று சொல்லிக்கொள்ளலாம். இந்தக் கடைசிச் சொல் எனக்கே முழுத் திருப்தி இல்லை, கார் விளம்பரம் போல இருக்கிறது. மறுமாதிரி இன்னும் பொருந்துமோ என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.