இருபக்கமும் சுருளும் மரநத்தை

நத்தையின் ஓடு எப்போதும் ஒரே பக்கமாகத்தான் சுருளுமா என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். ஓட்டின் கூர்முனை மேலே இருக்க, வாய் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால், பெரும்பாலான இனங்களில் அந்த வாய் வலப்பக்கம் இருக்கும், இதுவே வலச்சுருள். நாம் வலம்புரி என்று போற்றும் சங்கு இந்தக் கணக்கில் இடச்சுருள். அது திசை மாறிப் பிறந்த ஓர் உயிரின் ஓடேயன்றி, செல்வத்தைக் கொண்டுவரும் ஆற்றல் எதுவும் அதற்குக் கிடையாது.

சுருளும் திசை கருவிலேயே முடிவாகிவிடுகிறது. நான்கு உயிரணுக்கள் எட்டாகும்போது மேலுள்ள நான்கும் சற்றே திருகி அமர்கின்றன. திருகல் எப்பக்கமோ அதற்கேற்பவே ஓடும் உள்ளுறுப்புகளும் அமைகின்றன. திசை மாறிய நத்தை மற்றவற்றின் கண்ணாடிப் பிம்பம் என்பதால், அதன் இனப்பெருக்கத் துளையும் மறுபக்கம் போய்விடுகிறது. இணை கிடைக்காமல் அந்த வகை பெருகாது.

இதற்கு விலக்காக இருப்பது தென்கிழக்காசியாவின் ஆம்ஃபிட்ரோமஸ் இன்வெர்சஸ். 1774இல் முல்லர் விவரித்த இந்த மரநத்தையில் இருவகைச் சுருளும் ஒரே காட்டில் கலந்தே வாழ்கின்றன. மலேசியாவின் திரெங்கானு கரையை ஒட்டிய காப்பாஸ் தீவில் இதை ஆராய்ந்த மென்னோ ஸ்கில்தௌசன் குழுவினர், எதிரெதிர்ச் சுருள் கொண்டவை ஒன்றோடொன்று இணைவது தற்செயலாக நிகழக்கூடியதைவிட அதிகம் என்று 2007இல் எழுதினர்.

காரணம் என்னை வியப்பில் ஆழ்த்துகிறது. இந்த மரநத்தை இருபாலுயிரி, இணையும்போது விந்தணுக்களை ஒரு பொதியில் அடைத்துத் துணைக்குக் கொடுக்கிறது. அந்தப் பொதியே திருகுடையது. திருகலின் திசை கொடுக்கும் நத்தையின் சுருளைப் பொறுத்தது. அதை வாங்கிக்கொள்ளும் குழாயும் வளைந்து சுருண்டது. மரையாணி தனக்குரிய மரையில் ஏறுவதுபோல, எதிர்ச்சுருள் துணையின் குழாயில்தான் பொதி நன்கு பொருந்துகிறது என்பதும், அதனால் கருவுறும் வாய்ப்புக் கூடக்கூடும் என்பதும் அவர்கள் கருத்து. சிறுதீவின் மரங்களில் நத்தை இணைகளை எண்ணுவதால் என்ன பயன் என்று கேட்டு நிதியை மறுத்திருந்தால் இது நமக்குத் தெரிந்தே இருக்காது. இத்தகைய ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்கத் தயங்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

குளத்து நத்தைகளிலும் பசிபிக் தீவுகளின் பார்ட்டூலா நத்தைகளிலும் இன்னொரு விந்தை தெரியவந்தது. குஞ்சின் ஓடு காட்டுவது அதன் மரபணுவை அன்று, முட்டையிட்ட தாயின் மரபணுவை. ஆகவே இடச்சுருள் நத்தை ஒன்று இட்ட முட்டைகள் அத்தனையிலிருந்தும் வலச்சுருள் குஞ்சுகளே வெளிவருவதுண்டு.