லாகினுக்குள் இருக்கும் மரக்கட்டை

எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு ஒரு சின்ன இணையதளம் உண்டு, ட்ரூபல் என்ற இணையதளம் கட்டும் மென்பொருளில் கட்டியது, நான்தான் பார்த்துக்கொள்கிறேன். உறுப்பினர்கள் மட்டும் படிக்கிற ஒரு பக்கத்தின் இணைப்பை வாட்ஸப்பில் போட்டிருந்தேன். அன்று இரவே ஓர் அக்கா போன் செய்தார். "ஏன் தம்பி, என்னை வட்டத்துலேர்ந்து எடுத்துட்டீங்களா?" அவர் திரையில் இருந்தது இரண்டே சொல்: அனுமதி மறுக்கப்பட்டது. யாரும் அவரை எடுக்கவில்லை. புது போன் வாங்கியிருக்கிறார், அதில் லாகின் செய்யவில்லை, அவ்வளவுதான். அந்த இடத்தில் லாகின் பக்கம் வந்திருக்க வேண்டும். சரி, செய்துவிடலாம் என்று உட்கார்ந்தால், பொத்தானில் தமிழில் என்ன எழுதுவது என்பதிலேயே இரவு போய்விட்டது.

லாகினில் உள்ள 'லாக்' மரக்கட்டைதான். அந்தக் காலத்தில் கப்பலின் வேகத்தை அளக்க, கயிற்றில் கட்டிய ஒரு கட்டையைக் கடலில் வீசுவார்கள். கட்டை தண்ணீரில் கிட்டத்தட்ட விழுந்த இடத்திலேயே நிற்கும், கப்பல் முன்னே போகும், கயிறு கையைவிட்டு ஓடும். கயிற்றில் சம தூரத்தில் முடிச்சுகள் இருக்கும். மணல் கடிகாரம் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு ஓடியது என்று எண்ணினால் அதுதான் வேகம். இங்கிலாந்தின் வில்லியம் போர்ன் 1574-இலேயே இந்த முறையை எழுதிவைத்திருக்கிறார். பின்னாளில் 28 நொடி மணலுக்கு ஏறக்குறைய 47 அடி இடைவெளி என்று கணக்கு நிலைத்தது. கப்பல் வேகத்தை இன்றும் 'நாட்' என்று, அதாவது முடிச்சு என்று, சொல்வது இதனால்தான். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர். எண்ணியதைக் குறித்த ஏடு லாக்புக் ஆனது, அப்புறம் காற்று, திசை, அன்றன்று நடந்தது எல்லாம் அதில் ஏறியது. கடைசியில் 'பதிந்துவை' என்பதற்கே லாக் என்று பெயர் வந்துவிட்டது.

கணினிக்கு இது வந்த வழி இன்னும் அழகு. 1961 நவம்பரில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஃபெர்னாண்டோ கொர்பாட்டோவின் குழு சிடிஎஸ்எஸ் என்ற ஏற்பாட்டைச் செய்துகாட்டியது. ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளலாம். பகிர்ந்தால் யார் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்று கணக்கு வேண்டுமே! அந்த ஏற்பாட்டில் வேலையைத் தொடங்குவதற்கான கட்டளை லாகின், முடிப்பதற்கு லாக்அவுட். ஆக, லாகின் என்பது வாசலில் இருக்கும் ஏட்டில் பெயரைப் பதிந்துவிட்டு உள்ளே போவது.

தமிழில் இன்று அதிகம் கண்ணில் படுவது 'உள்நுழை'. கூகுளிலும் 'உள்நுழைக' என்றுதான் இருக்கிறது. எளிய சொல், யாருக்கும் புரியும், தப்பு சொல்ல மாட்டேன். ஆனால் அதில் போவது மட்டும்தான் இருக்கிறது, பதிவு இல்லை. 'மூக்கை நுழைக்காதே' என்கிறோமே, நுழைவதில் கூப்பிடாமல் வருகிற சாயலும் கொஞ்சம் உண்டு. தமிழ் விக்கிப்பீடியா 'புகுபதிகை' என்று வைத்திருக்கிறது, வெளியேறுவதற்கு 'விடுபதிகை'. புகு, பதி இரண்டும் சேர்ந்தது. புகு நமக்குப் புதிதா என்ன? புதுமனை புகுவிழா அழைப்பிதழ் இன்றும் வருகிறது, முந்தைய தலைமுறை கல்லூரியில் புகுமுக வகுப்பு படித்தது. பதி என்றதும் பதிவேடு நினைவுக்கு வரும். லாக்புக் ஏட்டின் பொருள் அப்படியே தமிழில் வந்து உட்கார்ந்திருக்கிறது. என் ஓட்டு இதற்குத்தான்.

இனி அந்த மறுப்புப் பக்கம். கேட்ட பக்கத்தைத் தர மறுக்கும்போது தளம் உலாவிக்கு (பிரவுசருக்கு) அனுப்பும் இரண்டு எண்கள் இருக்கின்றன, 401, 403. முதலாவது 'நீங்கள் யாரென்று தெரியவில்லை', இரண்டாவது 'யாரென்று தெரிந்தாலும் சரி, உங்களை இங்கே விட முடியாது'. ஆனால் 401-க்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரே 'அனுமதி பெறாதவர்' என்ற பொருளில் இருக்கிறது, தமிழில் நாமும் இரண்டுக்கும் 'அங்கீகாரம்' என்று போட்டுக் குழப்பத்தை வளர்த்தோம். ஒன்றை அடையாளச் சரிபார்ப்பு, மற்றதை அனுமதி என்று பிரித்துச் சொன்னால் போதும். ட்ரூபல் போன்றவை ஆள் தெரியாதபோதும் 403-ஐயே காட்டும், ஏனென்றால் 401 அனுப்பினால் சரிபார்ப்பு முறையையும் கூடவே சொல்லியாக வேண்டும், வழக்கமான முறையைச் சொன்னால் உலாவி தன்னுடைய பெட்டியைத் திறந்து பெயர் கேட்கும், நாம் வடிவமைத்த பக்கத்துக்கு அங்கே வேலையில்லை. அக்கா மாட்டியது இங்கேதான்.

ட்ரூபலின் தள அமைப்புகளில் 403-க்கு எந்தப் பக்கம் காட்டுவது என்று கேட்கும் கட்டம் இருக்கிறது. அதில் நாமே எழுதிய புகுபதிகைப் பக்கத்தைக் கொடுத்தேன். புகுபதிகை முடிந்ததும் கேட்ட பக்கத்துக்கே திரும்ப வேண்டும், முகப்புக்குத் தள்ளினால் அக்கா மறுபடி வாட்ஸப்பில் இணைப்பைத் தேட வேண்டும். ஏற்கெனவே உள்ளே இருப்பவருக்கு அந்தப் பக்கம் கூடாது, கடவுச்சொல்லைத்தான் தப்பாகப் போட்டோமோ என்று திரும்பத் திரும்ப முயல்வார். அவருக்கு 'இந்தப் பக்கம் உங்கள் கணக்குக்குத் திறக்கப்படவில்லை' என்று தனியாக எழுதினேன். மற்றவருக்கு 'தளத்துக்கு உங்களை அடையாளம் தெரியவில்லை, பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள்'. பொத்தானில் பெரிதாகப் புகுபதிகை, இப்போதைக்கு அதன் கீழே சின்ன எழுத்தில் லாகின்.