ஏடிஎச்டி (கவனக்குறைவு, அதீத துறுதுறுப்பு) உள்ள பிள்ளைக்கு பரீட்சைல சலுகை கேட்கலாம், ஓஎல் வரைக்கும் காத்திருக்க வேணாம்

அக்காட மகன்ட கணக்கு கொப்பிய ஒருநாள் கொட்டாஞ்சேனைல அவங்க வீட்ல வச்சு முழுசா புரட்டிப் பாத்தேன். முதல் ஆறு கணக்கும் சரி, ஏழாவதுல கழித்தல் அடையாளத்த கூட்டல்னு பாத்து எழுதியிருக்கான், அதுக்குப் பிறகு பக்கம் வெறும் வெள்ளை. கீழ சிவப்புப் பேனையால "கவனயீனம்"னு எழுதியிருந்துச்சு. அது அவன்ட பிழை இல்ல, ஏடிஎச்டிங்கிறதே அதுதான்னு எங்களுக்கு விளங்க ரெண்டு வருஷம் போச்சு.

குழப்படி பண்ற பிள்ளைக்குத்தான் ஏடிஎச்டின்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. மார்க்ஸ கூடுதலா இழுத்துப் போடுறது துள்ளுறது இல்ல, கவனம் நழுவுறதுதான். அதனால கடைசி பெஞ்ச்ல சத்தமில்லாம கனவு கண்டுட்டு இருக்கிற பொம்பளப் பிள்ளைங்கள பல நேரம் யாருமே கவனிக்கிறதில்ல. சில பிள்ளைங்களுக்கு வாசிப்புலயோ கணக்குலயோ தனியா ஒரு கஷ்டமும் சேர்ந்தே இருக்கும், அதையும் பாக்கச் சொல்லுங்க.

இப்ப விஷயத்துக்கு வாறன். இலங்கைல அஞ்சாம் ஆண்டு ஸ்கொலர்ஷிப், ஓஎல் (சாதாரண தரம்), ஏஎல் (உயர்தரம்) பரீட்சைகள்ல விசேட தேவை உள்ள பிள்ளைங்களுக்கு மேலதிக நேரம் மாதிரி சலுகைகள் இருக்கு, குடுக்கிறது பத்தரமுல்ல பெலவத்தைல இருக்கிற பரீட்சைத் திணைக்களம். ஸ்கூல் பிள்ளைன்னா அதிபர் மூலமா, டொக்டர் ரிப்போர்ட்டோட கேட்கணும், ரிப்போர்ட்ட பாத்துட்டு அவங்கதான் முடிவு பண்ணுவாங்க. அதனால எல்லாமே அந்த ரிப்போர்ட்டுலதான் நிக்குது.

ரிப்போர்ட்டுக்கு காசு கட்டி பிரைவேட்டுக்கு ஓடத் தேவையில்ல, பொரளை லேடி ரிட்ஜ்வே அரசாங்க ஆஸ்பத்திரி, அங்க பிள்ளைங்க மனநல கிளினிக் இருக்கு, இலவசம். ஆனா ஒரு தடவை போய் கையோட வாங்கிட்டு வாற பேப்பர் இல்ல அது, ஏன்னா அறிகுறி 12 வயசுக்கு முன்னமே தொடங்கியிருக்கணும், ஆறு மாசமாவது நீடிச்சிருக்கணும், வீட்ல மட்டும் இல்லாம ஸ்கூல்லயும் இருக்கணும், இதெல்லாம் டொக்டர் பாக்கணும். அதனால வகுப்பு டீச்சர்ட்ட ஒரு கடிதம் வாங்கிட்டுப் போங்க, பழைய கொப்பி, தவணை ரிப்போர்ட் எல்லாத்தையும் ஒரு பைல்ல போட்டுக் கொண்டு போங்க. நாங்க வெறுங்கையோட போய்த்தான் ஒரு கிளினிக் நாள வீணாக்கினோம். மருந்து தேவையா இல்லையான்னு டொக்டர் சொல்லட்டும், ஆனா மருந்து பிள்ளைய உக்கார வைக்குமே தவிர விட்ட பாடத்த சொல்லித் தராது, அதுக்கு வேலைய சின்னச் சின்னதா பிரிச்சுக் குடுக்கிற டீச்சர் வேணும்.

"இவன வேற எங்கயாவது சேருங்க"ன்னு ஸ்கூல்ல சொன்னா பயந்து பிள்ளைய நிப்பாட்டிடாதீங்க. 2016ல இருந்து இலங்கைல 5 வயசுல இருந்து 16 வயசு வரைக்கும் கட்டாயக் கல்வி, வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதிக் குடுங்க. கடிதத்த தமிழ்லயே எழுதலாம், கொழும்புல கூட அரச அலுவலகத்தோட தமிழ்ல அலுவல் பாக்கிறது அரசியலமைப்பு குடுத்த உரிமை, சிங்களத்துல எழுதித் தர ஆள் தேடி அலையத் தேவையில்ல.

எந்தக் கடிதம், ரிப்போர்ட் குடுத்தாலும் அதுட போட்டோ கொப்பி ஒண்ணு உங்க கைல இருக்கட்டும், ஒவ்வொரு ஜனவரியும் புது வகுப்பு டீச்சர் கைல ரிப்போர்ட்ட நீங்களே நேர்ல போய்க் குடுங்க.