சொந்த ஊர் ரசிகரே ஊளையிடும்போது

2021 ஆகஸ்ட் மாதக் கடைசியில் நியூயார்க் மெட்ஸ் பேஸ்பால் அணி வீரர்கள் சிலர், நல்ல அடி ஒன்று அடித்து பேஸில் (ஓடிச் சேர வேண்டிய நிலையில்) போய் நின்றதும் கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்ட ஆரம்பித்தார்கள். அணிக்குள் ஏதோ கேலி விளையாட்டு என்றுதான் பலரும் நினைத்திருப்பார்கள். ஆகஸ்ட் 29 அன்று வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியை வென்ற பிறகு மெட்ஸ் வீரர் ஹாவியர் பயஸ் அதை உடைத்துச் சொல்லிவிட்டார். நாங்கள் சொதப்பும்போது ரசிகர்கள் 'பூ' (boo) என்று ஊளையிடுகிறார்கள், நாங்கள் நன்றாக ஆடும்போது அதையே அவர்களுக்குத் திருப்பித் தருகிறோம் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். அவர் எதிரணி ரசிகர்களைச் சொல்லவில்லை. மெட்ஸின் சொந்த மைதானமான சிட்டி ஃபீல்டில் டிக்கெட் வாங்கி, மெட்ஸ் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த சொந்த ரசிகர்களைச் சொன்னார்.

அன்றே அணி நிர்வாகத்தின் தலைவர் சாண்டி ஆல்டர்சன் அறிக்கை விட்டார். ஊளையிடுவது ரசிகரின் உரிமை, இந்தச் சைகையை ஏற்க முடியாது என்றார். இரண்டு நாள் கழித்து பயஸும் ஃபிரான்சிஸ்கோ லிண்டோரும் மன்னிப்புக் கேட்டார்கள். ஏப்ரலில் மழையால் நின்றுபோன மயாமி மார்லின்ஸ் ஆட்டத்தின் மிச்சமும் அதே நாளில் நடந்தது. பயஸ் மட்டையோடு வந்தபோது பலத்த ஊளை. கடைசி இன்னிங்ஸில் அதே பயஸ் முதல் பேஸிலிருந்து மூச்சு வாங்க ஓடி, ரன் கணக்காகும் ஹோம் பிளேட்டைத் தொட்டு 6-5 என்று ஆட்டத்தை முடித்து வைத்தார். சற்று முன் ஊளையிட்ட அதே கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது.

நான் நியூ ஜெர்சியில் விளையாட்டு வீரர்களோடு வேலை செய்யும் உளவியல் ஆலோசகர். கல்லூரி அணியில் ஆடுகிறவர்கள், மேஜர் லீகுக்குக் கீழ்நிலையான மைனர் லீகில் பஸ்ஸிலேயே ஊர் ஊராகப் போகிறவர்கள், ஒரு முறை மேலே போய்விட்டுத் திரும்பக் கீழே அனுப்பப்பட்டவர்கள் எல்லோரும் வருவார்கள். அவர்கள் சொன்னவற்றை, சொன்னவர் யாரென்று தெரியாதபடிதான் இங்கே எழுதுகிறேன்.

என்னிடம் நண்பர்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. லிண்டோருக்குப் பத்து வருடத்துக்கு 341 மில்லியன் டாலர் ஒப்பந்தம். அவ்வளவு வாங்குகிறவர் கொஞ்சம் கூச்சலைத் தாங்கக் கூடாதா? நியாயமான கேள்விதான். மைதானத்துக்குக் குடும்பத்தோடு போய்வர ஆகும் செலவு எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது. கத்தினால் ஆள் விழித்துக்கொள்வார், இன்னும் முயற்சி எடுத்து ஆடுவார் என்ற நம்பிக்கை. என் அனுபவத்தில் அது அடியோடு தவறு. சில காலமாக அடி சரியாக விழாமல் சரிவில் இருக்கிற பேட்டர் (மட்டை பிடிப்பவர்) முயற்சி குறைந்ததால் தடுமாறுவதில்லை. பெரும்பாலும் முயற்சி அளவுக்கு மீறிப் போனதால்தான் தடுமாறுகிறார்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிட்சர், அதாவது பந்து வீசுபவர், நிற்கும் இடத்திலிருந்து பேட்டர் பக்கத்து ஹோம் பிளேட்டுக்கு 60 அடி 6 அங்குலம். மணிக்கு 150 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அந்தத் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 0.4 நொடி. அதில் பாதிக்குள் அடிப்பதா விடுவதா என்று முடிவாகியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் யாராலும் யோசிக்க முடியாது. ஆயிரக்கணக்கான முறை பழகிய உடம்புதான் முடிவு எடுக்கிறது. மாடிப்படி இறங்கும்போது காலை எங்கே வைக்கிறோம் என்று ஒவ்வொரு படியிலும் யோசித்துப் பாருங்கள், அங்கேயே தடுமாறுவீர்கள். சொந்த மைதானத்தில் நாற்பதாயிரம் பேர் ஊளையிடும்போது பேட்டருக்கு நடப்பது இதுதான். தானாக நடக்க வேண்டியதை அவர் மேற்பார்வை பார்க்கத் தொடங்குகிறார். கைப்பிடி இறுகுகிறது, தோள் விறைக்கிறது, வெளியே போகிற பந்தைத் துரத்துகிறார். மறுபடி ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக் விழுந்து அவுட் ஆவது), மறுபடி ஊளை.

தோல்வி இந்த விளையாட்டின் தினசரி உணவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பத்துக்கு மூன்று முறை ஹிட் எடுப்பவர், அதாவது அடித்துப் பத்திரமாக பேஸை அடைபவர், நட்சத்திர வீரர். பருவத்துக்கு 162 ஆட்டம், அதில் 81 சொந்த ஊரில். கிட்டத்தட்ட தினமும் ஆட்டம் இருப்பதால் நேற்றைய சொதப்பலைச் செரிக்க நேரமே கிடையாது.

வெளியூரில் ஊளை கேட்பதை வீரர்கள் ரசிக்கவே செய்வார்கள். தன்னைப் பார்த்துப் பயப்படுகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் அந்த வழி இல்லை. மனைவியும் பிள்ளைகளும் அம்மாவும் உட்கார்ந்திருக்கும் வரிசைக்குப் பின்வரிசையிலிருந்தே அந்தச் சத்தம் வருகிறது. "என்னைத் திட்டுவது காதில் விழுவதே இல்லை. என் பையன் அதைக் கேட்கிறான் என்பது மட்டும்தான் மண்டையில் ஓடுகிறது" என்று ஒருவர் சொன்னார். இந்த மாதிரிப் பேச்சை வேறு வேறு வார்த்தைகளில் பலரிடம் கேட்டிருக்கிறேன்.

மைனர் லீக் வீரர்கள் சொல்வது வேறு. அங்கே கூட்டம் சிறியது. பெரிய மைதானத்தில் ஊளை ஒரே இரைச்சலாகக் கலந்துவிடும். சின்ன மைதானத்தில் ஒரே ஒரு ஆள் உங்கள் பெயரைச் சொல்லிக் கத்துவது ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகக் கேட்கும். ஒரே ஊரில் தொடர்ந்து ஆறு ஆட்டம் என்றால், அந்தக் குரல் ஆறு நாளும் அதே இருக்கையிலிருந்து வரும். இரைச்சலைவிட அந்தத் தனிக் குரல்தான் தூக்கத்தைக் கெடுக்கிறது என்பார்கள்.

இன்னொரு விஷயம் வெளியில் அதிகம் பேசப்படவில்லை. 2023இல் ஒவ்வொரு பந்துக்கும் நேரக் கெடு வைக்கும் பிட்ச் கடிகாரம் வந்தது. பேஸில் ஆள் இல்லாவிட்டால் பிட்சருக்கு 15 நொடி. அது 8 நொடிக்கு இறங்குவதற்குள் பேட்டர் தயாராக நிற்க வேண்டும். ஒரு முறை மட்டை பிடிக்க வந்தால் ஒரே ஒரு டைம் அவுட்தான். ஆட்டம் விறுவிறுப்பானது, நானும் அதை வரவேற்கிறேன். ஆனால் முன்பெல்லாம் பேட்டர் தான் நிற்கும் கட்டத்தை விட்டு வெளியே வந்து, கையுறையைக் கழற்றி மாட்டி, நீளமாக மூச்சு விட்டு, மனதைத் திரும்பக் கொண்டுவருவார். பலருக்கு அதுவே மருந்தாக இருந்தது. இப்போது அந்தச் சடங்கை ஒற்றை மூச்சுக்குள் சுருக்க வேண்டியிருக்கிறது. மட்டையில் ஒரு குறிப்பிட்ட இடத்தைப் பார்ப்பது, நீளமாக ஒரு மூச்சை வெளியே விடுவது, பந்து புறப்படும் கை மேல் கண்ணைக் கொண்டுபோவது. இந்த மூன்றையும் சத்தமில்லாத இடத்தில் பழகிப் பயனில்லை. ஸ்பீக்கரில் கூட்டத்தின் இரைச்சலை ஓடவிட்டுத்தான் பயிற்சி கொடுக்கிறேன்.

ஊளை எல்லாம் ஒரே ரகம் அல்ல. 1961இல் ரோஜர் மாரிஸ் யாங்கீஸ் அணிக்காக ஆடிக்கொண்டே ஒரே பருவத்தில் 60 ஹோம் ரன் (பந்தை எல்லை தாண்டி அடிப்பது) என்ற பேப் ரூத்தின் சாதனையை நெருங்கியபோது, சொந்த மைதானத்திலேயே அவருக்கு ஊளை விழுந்தது. தலைமுடி கொத்தாகக் கொட்டும் அளவுக்கு அவர் உடம்பு அந்த அழுத்தத்தைக் காட்டியது. 2022இல் 62 ஹோம் ரன் அடித்து அமெரிக்கன் லீக் சாதனை படைத்த ஆரன் ஜட்ஜ், சில நாளிலேயே பிளேஆஃப் ஆட்டத்தில் நாலு முறை ஸ்ட்ரைக் அவுட் ஆனதற்கு அதே நியூயார்க்கில் ஊளை வாங்கினார். இதெல்லாம் எதிர்பார்ப்பின் கோபம் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஃபிலடெல்ஃபியாவில் டிக் ஆலனுக்கு நடந்ததை அப்படிச் சொல்ல முடியாது. ஃபிலீஸ் அணியில் 1964இல் முதல் முழுப் பருவம் ஆடி அந்த வருடமே சிறந்த புதுமுக வீரர் விருது வாங்கிய கறுப்பின வீரர் அவர். 1965இல் வெள்ளையினச் சக வீரர் ஃபிராங்க் தாமஸோடு கைகலப்பு நடந்தது, தாமஸை அணி விடுவித்தது. பழி ஆலன் மேல் விழுந்தது. அதன் பிறகு வந்தது வெறும் சத்தம் அல்ல, பொருள்களும் பறந்து வந்தன. பந்து தடுக்க நிற்கும்போதும் அவர் ஹெல்மெட்டோடு நிற்க வேண்டியதாயிற்று. 1969இல் முதல் பேஸ் அருகே மண்ணில் காலால் 'பூ' (boo) என்று ரசிகர்கள் போடும் ஊளையையே எழுதிக் காட்டினார். அந்தப் பருவம் முடிந்ததும் வேறு அணிக்கு மாற்றப்பட்டார். 1972இல் சிகாகோ வைட் சாக்ஸுக்காக ஆடி லீகின் மிகச் சிறந்த வீரரானார். பேஸ்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்கு அவரைத் தேர்ந்தெடுத்தது 2024 டிசம்பரில். அவர் இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. ஆலனைத் 'தலைக்கனம் பிடித்தவர்' என்று எழுதியவர்கள் அன்று ஏராளம். அவர் நிலையில் இருக்கும் ஒருவர் என் முன் வந்து உட்கார்ந்தால், சத்தத்தைத் தாங்கக் கற்றுக்கொள் என்று நான் சொல்ல மாட்டேன். இனவெறிக்கு மூச்சுப் பயிற்சி மருந்தல்ல. அதைத் தடுக்க வேண்டிய பொறுப்பு அணிக்கும் மைதானத்துக்கும்தான்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவை. 1986இல் கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸ் பிட்சர் டானி மூர், மேஜர் லீகின் இறுதிப் போட்டியான உலகத் தொடருக்குப் போக ஒரே ஒரு ஸ்ட்ரைக் பாக்கி இருந்தபோது டேவ் ஹெண்டர்சனுக்கு ஹோம் ரன் கொடுத்தார். பிறகு சொந்த ரசிகர்கள் அவரை விடாமல் ஊளையிட்டார்கள். 1989இல் மனைவியைச் சுட்டுவிட்டுத் தன் உயிரையும் மாய்த்துக்கொண்டார். மனைவி பிழைத்துக்கொண்டார். அந்த ஒரு பந்துதான் அவரைக் கொன்றது என்று இன்றும் எழுதுகிறார்கள். அந்த வீட்டில் வன்முறை இருந்தது, குடி இருந்தது, உடம்பில் காயங்கள் இருந்தன, வேலையும் போயிருந்தது. தற்கொலைக்கு ஒற்றைக் காரணம் சொல்வது சுலபம், ஆனால் அது மற்ற அபாய அறிகுறிகளை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடும். எல்லாவற்றையும் ரசிகர் தலையில் கட்டும் கதையை நான் ஏற்பதில்லை.

இன்று எனக்கு மைதானத்தைவிட ஃபோன்தான் கவலை. மைதான ஊளை இரவு பத்து மணிக்கு முடிந்துவிடும். ஃபோன் படுக்கை வரைக்கும் வருகிறது. 2018இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகு அமெரிக்காவில் மாநிலம் மாநிலமாக விளையாட்டுப் பந்தயம் சட்டப்படி நடக்கிறது. அணி வெல்லுமா என்பதோடு, இந்த பேட்டர் இன்று ஹிட் எடுப்பாரா, இந்த பிட்சர் எத்தனை பேரை அவுட் ஆக்குவார் என்று தனி ஆள் மேலேயே பணம் கட்டலாம். தோற்றவர் நேராக அந்த வீரரின் இன்ஸ்டாகிராமுக்குப் போகிறார். 2025 மே மாதம் ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் பிட்சர் லான்ஸ் மெக்கல்லர்ஸ் ஒரு ஆட்டத்தில் மோசமாக வீசியதற்கு, அவர் பிள்ளைகளைக் கொன்றுவிடுவதாக மிரட்டல் வந்தது. போலீஸ் தேடிப் பிடித்தபோது, வெளிநாட்டில் இருந்துகொண்டு குடிபோதையில் பந்தயம் கட்டித் தோற்ற ஆள் என்று தெரிந்தது. இதை ரசிகர் கோபம் என்று சொல்வது ரசிகர்களுக்கே அவமானம்.

ஆகவே என் வீரர்களிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஆட்டம் முடிந்த இரவில் செய்திகளை நீங்கள் திறக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் கணக்கைக் கொடுங்கள். மிரட்டல் என்றால் அவர் அழிக்காமல் எடுத்து வைத்து அணியின் பாதுகாப்புப் பிரிவிடம் கொடுக்கட்டும். மற்றதை நீங்கள் பார்க்கவே வேண்டாம்.

பயஸ் செய்தது சரியா என்று கேட்டால், அந்த வலி நியாயமானது, ஆனால் அந்த வழி அவருக்கே உதவவில்லை என்பேன். கூட்டத்தை எதிரியாக்கிவிட்டால் ஒவ்வொரு முறை மட்டை பிடிக்கும்போதும் பிட்சரோடு சேர்த்து நாற்பதாயிரம் பேரோடும் மோத வேண்டியிருக்கும். ஃபிலீஸின் அலெக் போம் வேறு மாதிரி கையாண்டார். 2022 ஏப்ரலில் ஒரே ஆட்டத்தில் மூன்று பிழைகள் செய்தார். பிறகு ஒரு சாதாரணப் பந்தை ஒழுங்காக எறிந்ததற்குக் கூட்டம் கிண்டலாகக் கைதட்டியது. இந்த ஊரே எனக்குப் பிடிக்கவில்லை என்று அவர் கெட்ட வார்த்தையோடு முணுமுணுத்தது கேமராவில் பதிந்தது. ஆட்டம் முடிந்ததும் அவர் மழுப்பவில்லை. ஆமாம் சொன்னேன், கடுப்பில் வந்த வார்த்தை, மனதில் அப்படி நினைக்கவில்லை என்றார். அடுத்த முறை மட்டையோடு வந்தபோது அரங்கம் எழுந்து நின்று தட்டியது.

அதே ஊர் 2023இல் இன்னொன்றும் செய்தது. 11 வருடத்துக்கு 300 மில்லியன் டாலருக்கு வந்த டிரே டர்னர் பருவத்தின் பெரும்பகுதி திணறினார். அவர் செய்த பிழை ஒன்றால் மயாமியில் ஓர் ஆட்டமும் கை நழுவியது. ஊர் திரும்பியதும் ஆகஸ்ட் 4 அன்று அவருக்கு ஊளைக்குப் பதில் எழுந்து நின்று கைதட்டுவோம் என்று ரசிகர்களே பேசி வைத்துக்கொண்டு, அப்படியே செய்தார்கள். அதுவரை 10 ஹோம் ரன். மிச்சமிருந்த இரண்டு மாதத்தில் 16. கைதட்டல்தான் காரணம் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், டர்னர் மாதிரித் திறமைசாலிக்குச் சரிவு எப்படியும் ஒரு நாள் முடிந்திருக்கும். ஆனால் தோல்வியைச் சரிக்கட்டியாக வேண்டும் என்ற இறுக்கம் தளர்ந்தால் ஒரு பேட்டர் எப்படி ஆடுவார் என்பதற்கு அந்த இரண்டு மாதங்களைத்தான் என் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறேன். டர்னர் ஊரெங்கும் விளம்பரப் பலகை வைத்து நன்றி சொன்னார்.

அப்படியானால் ஊளையிடவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. ஓட வேண்டிய இடத்தில் நடக்கிற வீரருக்கு, அணியைக் கூறு போட்டு விற்கிற முதலாளிக்கு, கூட்டம் தன் அதிருப்தியைச் சொல்லத்தான் வேண்டும். முயற்சி செய்து தோற்கிறவருக்கு அது எதையும் கற்றுத் தராது. குடும்பம், இனம், மொழி, பழைய காயம் இவற்றைத் தொட்டுக் கத்துகிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மைதான ஊழியரிடம் சொல்லுங்கள். பல மைதானங்களில் குறுஞ்செய்தி அனுப்பியே புகார் செய்ய எண் இருக்கிறது. இருக்கையை விட்டு எழ வேண்டியதுகூட இல்லை.

இங்கே நம் பிள்ளைகள் பலர் சிறுவர் பேஸ்பாலான லிட்டில் லீகில் ஆடுகிறார்கள். அங்கே ஊளை கிடையாது, ஆனால் காரில் வீடு திரும்பும் இருபது நிமிடம் இருக்கிறது. "அந்தப் பந்தை ஏன்டா விட்டே?" என்று அப்பா ஆரம்பித்தால் பிள்ளைக்கு அதுவும் சொந்த ஊர் ஊளைதான். சாப்பிட என்ன வேண்டும் என்று கேளுங்கள். ஆட்டத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் அவனே ஆரம்பிப்பான்.

வீரராக இருந்தாலும், பள்ளி அணியில் ஆடும் பிள்ளையாக இருந்தாலும், இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம் கெட்டிருந்தால், மைதானம் போகும் நாளில் வாந்தி வருவது போலிருந்தால், குடியோ மாத்திரையோ கூடிக்கொண்டே போனால், எல்லாரிடமிருந்தும் விலகிப்போனால், சரிவு தானாகச் சரியாகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மேஜர் லீக் அணிகளில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், கல்லூரிகளிலும் ஆலோசனை மையம் உண்டு. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் அமெரிக்காவில் இருப்பவர்கள் 988க்கு அழைக்கலாம், பேச முடியாவிட்டால் அதே எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். இரவு எந்த நேரமானாலும் எடுப்பார்கள்.