சர்வர் பதில் சொன்னால் அனுமதி கொடுத்ததாகுமா?

இணையதளத்துக்குள் ‘நுழைகிறோம்’ என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறோம். யாரும் எங்கும் நுழைவதில்லை. நம் கணினி ஒரு வேண்டுகோளை அனுப்புகிறது. மறுமுனையில் இருக்கும் சர்வர் அதைப் படித்துப் பதில் அனுப்புகிறது. 200 என்ற எண்ணுடன் வந்தால், கேட்டது கிடைத்தது. 401 வந்தால், யார் என்று நிரூபிக்கச் சொல்கிறது. 403 என்றால் கிடையாது. எந்த எண்ணை அனுப்புவது என்பதைச் சர்வரில் எழுதிவைத்த நிரல் முடிவுசெய்கிறது. எழுதியவர் அசந்திருந்தால், தரக் கூடாததையும் சர்வர் 200 போட்டுத் தந்துவிடும். அப்படித் தந்ததை வாங்கியவர் குற்றவாளியா?

அமெரிக்காவின் கணினி மோசடிச் சட்டம் 1986-ல் வந்தது. அனுமதியின்றிக் கணினியை அணுகுவது குற்றம் என்ற அந்தச் சட்டம், ‘அனுமதியின்றி’ என்றால் என்ன என்று விளக்காமலே விட்டுவிட்டது. அந்த ஒற்றைச் சொல்லை வைத்துத்தான் நீதிமன்றங்கள் இன்றுவரை மல்லுக்கட்டுகின்றன.

1988 நவம்பரில் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ், கணினிக்குக் கணினி தானாகவே பரவும் ஒரு ‘புழு’ நிரலை இணையத்தில் விட்டார். அது பரவிய வழிகளில் ஒன்று ‘ஃபிங்கர்’. பயனரின் பெயரைக் கொடுத்தால் அவரைப் பற்றிய விவரத்தைச் சொல்லும் சாதுவான நிரல் அது. வரும் கேள்வியை வைத்துக்கொள்ள நினைவகத்தில் 512 பைட் இடம் ஒதுக்கியிருந்தது. அதற்குள் அடங்குகிறதா என்று மட்டும் சரிபார்க்கவில்லை. புழு 536 பைட் அனுப்பியது. மிஞ்சிய 24 பைட் அடுத்த இடத்தில் வழிந்து, வேலை முடிந்ததும் நிரல் எங்கே திரும்ப வேண்டும் என்ற குறிப்பை மாற்றி எழுதியது. ஃபிங்கர் திரும்பிச் சென்ற இடத்தில் புழுவின் ஆணைகள் காத்திருந்தன.

மோரிஸுக்குச் சில கணினிகளில் முறையான கணக்கு இருந்தது. இருந்த அனுமதியை மீறினார் என்று வேண்டுமானால் சொல்லலாம், அனுமதியே இல்லை என்று சொல்ல முடியாது என்று அவர் தரப்பு வாதாடியது. 1991-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. ஃபிங்கர் எதற்காக இருக்கிறதோ அதற்காக அவர் அதைப் பயன்படுத்தவில்லை என்றது. நியாயமான தீர்ப்புதான், கேள்வி என்ற பெயரில் போனது ஆணை.

2010-ல் நடந்தது இவ்வளவு எளிதல்ல. ஐபேட் வாங்கியவர்களின் வசதிக்காக ஏடி அண்ட் டி என்ற தொலைபேசி நிறுவனம் ஓர் ஏற்பாடு செய்திருந்தது. சிம் அட்டையின் வரிசை எண் இணைய முகவரியிலேயே போகும். சர்வர் அதைப் பார்த்து உரியவரின் மின்னஞ்சல் முகவரியைத் தானாக நிரப்பித் தரும். கடவுச்சொல் எதுவும் கேட்காது. வேறு எண்ணைப் போட்டால் வேறொருவரின் முகவரி வரும். இருவர் சேர்ந்து, ஐபேட் போல வேடமிட்டு எண்களை மாற்றி மாற்றிக் கேட்கும் நிரல் ஒன்றை ஓடவிட்டு, சுமார் 1,14,000 முகவரிகளை அள்ளினார்கள். 2013-ல் ஒருவருக்கு 41 மாதச் சிறை. மறு ஆண்டே மேல்முறையீட்டில் தண்டனை ரத்தானது. ஆனால் வழக்கைத் தவறான மாநிலத்தில் நடத்தினார்கள் என்ற காரணத்துக்காக. மூலக் கேள்வி அப்படியே கிடந்தது. திறந்துபோட்ட நிறுவனத்தை விட்டுவிட்டு எடுத்தவரை மட்டும் சிறைக்கு அனுப்பியது எனக்கு உறுத்துகிறது. அதற்காக, முகவரி பறிபோனவர்களிடம் ‘சர்வர்தானே கொடுத்தது’ என்று சொல்லவும் வாய் வரவில்லை.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2021-ல் வான் பியூரன் வழக்கில் ஒரு கோடு கிழித்தது. ஜார்ஜியா மாநிலக் காவலர் ஒருவர், சுமார் 5,000 டாலருக்காக வண்டி எண் ஒன்றைக் காவல்துறைத் தரவுத்தளத்தில் தேடினார். தேடும் உரிமை அவருக்கு இருந்தது; நோக்கம்தான் கெட்டது. உள்ளே போக உரிமையுள்ளவரை, நோக்கத்தைக் காட்டி இந்தச் சட்டத்தில் தண்டிக்க முடியாது என்று ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பானது. கதவு திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பதே கேள்வி. சரி, கதவு என்பது கடவுச்சொல் மட்டுமா, யாரும் படிக்காத பயன்பாட்டு விதிமுறையும் கதவுதானா? அடிக்குறிப்பு ஒன்றில் அதை நீதிமன்றம் நாசூக்காகத் தள்ளிவைத்தது.

இவை எல்லாம் அடுத்தவர் கணினியைப் பற்றியவை. பூட்டு நம் சொந்தப் பொருளிலேயே இருந்தால்? அமெரிக்காவின் 1998-ம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டப்படி, மென்பொருளைக் காக்கும் பூட்டை உடைப்பதே தவறு. டிராக்டர் உங்களுடையதாக இருந்தாலும் அதற்குள் ஓடும் மென்பொருள் உங்களுடையது அல்ல. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை அமெரிக்க நாடாளுமன்ற நூலகத் தலைவர் விலக்குகளை அறிவிப்பார். டிராக்டர் பழுதுபார்ப்புக்கு 2015-ல் விலக்கு கிடைத்தது. ஆனால் பூட்டை உடைக்கும் கருவியை விற்பதற்கான தடைக்கு விலக்கு அளிக்க அவருக்கு அதிகாரமே இல்லை. பூட்டைத் திறக்கும் உரிமை விவசாயிக்கு உண்டு. அதற்கான மென்பொருளை மட்டும் அவர் தானே எழுதிக்கொள்ள வேண்டும்.